கல்லூரியில் கற்றல் கருவிகள்: எந்த வேலையைக் குறைக்கலாம், எந்த வேலையைத் தொடக் கூடாது

கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு சாதாரண நாளில் தொட்டுப்போகும் மென்பொருள்களைப் பட்டியல் போட்டால் பக்கம் நிறைந்துவிடும். பாடக்குறிப்பும் அசைன்மென்ட்டும் ஒரு தளத்தில் இருக்கும். விரிவுரையின் வீடியோ இன்னொரு தளத்தில் இருக்கும். வகுப்பு நடக்கும்போதே கைபேசியில் ஒரு சின்ன வினாடி வினா வரும். எழுதிய கட்டுரை வேறெங்கிருந்தாவது எடுத்ததா என்று பார்க்க ஒரு மென்பொருள், சந்தேகம் கேட்க ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலி. கற்றல் மேம்படும் என்று சொல்லித்தான் இவை ஒவ்வொன்றும் வளாகத்துக்குள் வந்தன. சில வருடங்கள் கழித்துப் பார்த்தால், சில கருவிகள் இல்லாமல் கல்லூரியே நடக்காது என்றாகிவிட்டது. பல கருவிகளின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, படிப்பில் இருக்கும் வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, கற்றலைச் சுற்றியிருக்கும் வேலை: குறிப்பைத் தேடிப் பிடிப்பது, அசைன்மென்ட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது, மதிப்பெண் வந்துவிட்டதா என்று விசாரிப்பது, வகுப்பு எந்த அறைக்கு மாறியது என்று அலைவது. இதில் யாருக்கும் அறிவு வளர்வதில்லை. மற்றொன்று கற்றலேயான வேலை: யோசிப்பது, படித்ததை நினைவிலிருந்து எடுப்பது, கணக்கைப் போட்டுத் தவறுவது, ஒரு வாதத்தைத் தானே எழுதிப் பார்ப்பது. முதல் வகையைக் குறைக்கும் கருவி வரம். இரண்டாவது வகையைக் குறைக்கும் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் கேடு. பல கருவிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கின்றன என்பதால்தான் குழப்பம் வருகிறது.

இது புதிய விவாதமும் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் தலைமையில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு 1960-ல் தொடங்கியது. பாடங்களை ஆசிரியர்களே எழுதிக்கொள்ள வசதியாக டியூட்டர் என்ற நிரல்மொழி அதற்கென்றே உருவானது. 1970-களின் தொடக்கத்தில் வந்த அதன் நான்காம் பதிப்பில் பிளாஸ்மா திரையும் தொடுதிரையும் இருந்தன. 1973-ல் அதிலேயே குறிப்புப் பலகையும், பலர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்து பேசிக்கொள்ளும் வசதியும் வந்தன. இன்று நாம் இணையத்தில் செய்யும் பலவற்றின் முன்னோடி ஒரு பல்கலைக்கழகக் கற்பித்தல் திட்டத்துக்குள் பிறந்திருக்கிறது. ஆனால் அதன் இயந்திரங்களுக்கு ஆன செலவு அதிகம், பாடம் எழுத ஆன நேரமும் அதிகம். எதிர்பார்த்த அளவுக்கு அது பரவவில்லை. பயன்படுத்தியவர்களின் மனதில் ஆழமாக நின்றது, திரைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு மனிதரோடு பேச முடிந்ததுதான்.

எல்எம்எஸ்: அலுப்பான, ஆனால் மிகப் பயனுள்ள கருவி

இன்று பல கல்லூரிகளில் எல்எம்எஸ் என்று சொல்லப்படும் கற்றல் மேலாண்மைத் தளம் 1990-களில் உருப்பெற்றது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மர்ரி கோல்ட்பெர்க் வெப்சிடி என்ற தளத்தை உருவாக்கினார். 1997-ல் அதே வகைத் தளத்தை விற்கும் பிளாக்போர்டு நிறுவனம் தொடங்கியது. 2006-ல் அது வெப்சிடியை வாங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடியை நிர்வகித்து வந்த மார்ட்டின் டூகியமாஸ், அதில் இருந்த குறைகளால் சலித்துப்போய்த் தானே ஒரு தளத்தை எழுதி, 2002-ல் மூடுல் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். அவர் வளர்ந்தது பள்ளிக்கூடமே பக்கத்தில் இல்லாத பாலைவனப் பகுதியில். சிறுவயதில் அவருக்குப் பாடம் சிற்றலை வானொலி வழியாக வந்தது. தொலைவிலிருந்து படிப்பது எப்படி இருக்கும் என்பது தெரிந்த ஒருவர் கையில் அந்தக் கருவி உருவானது என்பதை நான் முக்கியமாகவே நினைக்கிறேன்.

பெரும்பாலான ஆசிரியர்கள் எல்எம்எஸ்-ஐக் கோப்புகளை ஏற்றவும், அசைன்மென்ட் வாங்கவும், மதிப்பெண் போடவும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள், விவாத அரங்கு, சக மாணவர் மதிப்பீடு போன்ற வசதிகளைத் தொடுவதே இல்லை என்று அடிக்கடி ஒரு குறை சொல்லப்படுகிறது. இந்தக் குறையோடு எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சலில் இரண்டு நாள் வராத மாணவர் யாரையும் கெஞ்சாமல் குறிப்பை எடுக்க முடிகிறது. கடைசித் தேதி என்ன என்பதில் வாக்குவாதம் இல்லை. கொடுத்த தாள் தொலைந்துபோவதில்லை. இவை முதல் வகை வேலையை நேராகக் குறைக்கின்றன. எல்எம்எஸ் இத்தனை வருடங்கள் நிலைத்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தில் ஐந்தாறு பாடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிரியர் குறிப்புகளை வாரவாரியாக அடுக்கியிருப்பார், இன்னொருவர் தலைப்புவாரியாக. மூன்றாமவர் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டியிருப்பார். நான்காமவர் அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவார், ஐந்தாமவர் மின்னஞ்சலில். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரிதான். மாணவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் தேடும் வேலை ஐந்து மடங்காகிவிட்டது. ஒரு துறையின் ஆசிரியர்கள் ஒரு மாலை உட்கார்ந்து, எல்லாப் பாடப்பக்கங்களுக்கும் ஒரே அமைப்பு, எல்லா அறிவிப்புக்கும் ஒரே வழி என்று முடிவெடுத்தால் போதும். செலவே இல்லாத இந்த ஒப்பந்தம், புதிதாக வாங்கும் பல மென்பொருள்களைவிட அதிகப் பலன் தரும். ஆனால் இதைத் திறப்பு விழா வைத்துக் கொண்டாட முடியாது என்பதால் நிர்வாகங்களின் கவனம் இந்தப் பக்கம் வருவதில்லை.

வீடியோ மட்டும் போதும் என்று நம்பிய காலம்

தன் பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-ல் அறிவித்தது. பத்து வருடம் கழித்து, 2011-ல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் திறந்துவிட்டபோது 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். உலகமே பரபரத்தது. 2012-க்குள் உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என்ற மூன்று இணையப் பாடத் தளங்களும் வந்துவிட்டன. நல்ல ஆசிரியரின் வீடியோ உலகம் முழுவதற்கும் கிடைத்துவிட்டால் சாதாரணக் கல்லூரிகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள்.

பதில் சீக்கிரமே கிடைத்தது. 2013-ல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் உடாசிட்டியோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம், புள்ளியியல் போன்ற பாடங்களை இணையம் வழியாக நடத்திப் பார்த்தது. முதல் சுற்றில் தேர்ச்சி விகிதம் மிகக் குறைவாக இருந்ததால் அந்த ஆண்டிலேயே திட்டத்தை நிறுத்திவைத்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறு வருடத் தரவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2019-ல் சயின்ஸ் இதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடப்பக்கத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-ல் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம்.

இந்த எண்ணை வைத்து இணையக் கல்வியே தோல்வி என்று சொல்வது நியாயமாகாது. பதிவு செய்தவர்களில் பலர் சும்மா எட்டிப்பார்க்க வந்தவர்கள். ஒரு நூலகத்தில் எத்தனை பேர் எல்லாப் புத்தகத்தையும் கடைசிவரை படித்தார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014-ல் முழுக்க இணையம் வழியாகத் தொடங்கிய கணினி அறிவியல் முதுகலைப் படிப்பு இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களோடு நடக்கிறது. அதற்கு என்ன வித்தியாசம்? சேர்க்கை உண்டு, கடைசித் தேதி உண்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல உதவி ஆசிரியர்கள் பெரிய எண்ணிக்கையில் உண்டு, கடைசியில் ஒரு பட்டம் உண்டு. வீடியோ இரண்டு இடத்திலும் வீடியோதான். அதைச் சுற்றி மனிதர்கள் போட்ட ஏற்பாடுதான் வேறு.

வீடியோ நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்த 2014 ஆய்வு ஒன்று, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் அதில் நிற்கும் நேரத்தின் இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. இதைப் பிடித்துக்கொண்டு எல்லா விரிவுரையையும் ஆறு நிமிடத் துண்டுகளாக வெட்டும் வழக்கம் பரவியது. அந்த ஆய்வு அளந்தது பார்த்த நேரத்தை, கற்றுக்கொண்ட அளவை இல்லை. அதுவும் விருப்பப்பட்டு வந்து பார்க்கும் கூட்டத்தில் அளந்தது. தேர்வுக்கு முந்தைய வாரம் தன் ஆசிரியரின் ஒரு மணிநேரப் பதிவைத் தேடி, புரியாத இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் மாணவருக்கு வேண்டியது துண்டு துண்டான வீடியோ இல்லை. எந்த நிமிடத்தில் எந்தத் தலைப்பு வருகிறது என்ற குறிப்பும் வசன வரிகளும்தான்.

பலன் தருவது கருவியா, கேள்வியா?

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மாசூர் 1990-களின் தொடக்கத்தில் ஒரு முறையை வளர்த்தெடுத்தார். கொஞ்ச நேரம் விளக்கிவிட்டு, கணக்குப் போடாமல் கருத்தை மட்டும் சோதிக்கும் ஒரு கேள்வியைத் திரையில் போடுவார். ஒவ்வொரு மாணவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாருக்கும் சரியாக இருந்தால் அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். ஏறக்குறைய எல்லாருக்கும் தவறு என்றால் மறுபடி விளக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் சுவாரசியம்: பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடைதான் சரி என்று வாதாடுங்கள் என்பார். சில நிமிடம் கழித்து மறுபடி வாக்கெடுப்பு. பெரும்பாலும் சரியான விடையின் பக்கம் கூட்டம் சேர்ந்திருக்கும். நேற்றுத்தான் புரிந்துகொண்ட மாணவருக்கு, எந்த இடத்தில் புரியாமல் போகும் என்பது ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும்.

இந்த வாக்கெடுப்புக்குப் பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கிளிக்கர் என்ற சின்னக் கருவி வந்தது, அப்புறம் கைபேசிச் செயலிகள் வந்தன. கிளிக்கர் பயன்படுத்தினால் தேர்ச்சி கூடுகிறது என்று விற்பனையாளர்கள் சொன்னார்கள். 2008-ல் நேத்தனியல் லாஸ்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் ஒரு குழுவுக்குக் கிளிக்கரும் இன்னொரு குழுவுக்கு விடை எழுதிய அட்டைகளும் கொடுத்து, அதே முறையில் பாடம் நடத்திப் பார்த்தார். கற்றலில் பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பலன் கேள்வியிலும் வாதத்திலும் இருந்தது. கருவி வாக்குகளை எண்ணித் தந்தது. இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அதுவும் உதவிதான், ஆனால் அது முதல் வகை உதவி.

ரிச்சர்டு கிளார்க் என்ற ஆய்வாளர் 1983-லேயே இதைச் சொல்லியிருந்தார். பாடத்தைக் கொண்டுவரும் ஊடகம் கற்றலை மாற்றுவதில்லை, மளிகைச் சாமான் ஏற்றி வரும் லாரி நம் ஊட்டச்சத்தை மாற்றாததைப் போல என்பது அவருடைய வாதம். இதை மறுத்து ராபர்ட் கோஸ்மா என்ற இன்னொரு ஆய்வாளர் எழுதினார், விவாதம் பல வருடம் நீண்டது. கிளார்க் சொன்னது முழுக்கச் சரி என்று நான் நினைக்கவில்லை. கையால் செய்யவே முடியாத சில காரியங்கள் உண்டு: ஒரு சமன்பாட்டின் மதிப்பை மாற்றும்போது வரைபடம் அந்தக் கணமே மாறுவதைப் பார்ப்பது, எழுதிய நிரலை உடனே ஓட்டித் தவறைக் காண்பது, நச்சு வாயு வெளியாகும் சோதனையை ஆபத்தில்லாமல் செய்து பார்ப்பது. மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் கண்ணாடிகளுக்கும் இடம் இங்கேதான், அதற்கு வெளியே அவை பெரும்பாலும் வேடிக்கை. ஆனால் புதிதாக ஒன்றை வாங்கும் முன் கிளார்க்கின் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது: இதே பாடமுறையை இந்தக் கருவி இல்லாமல் நடத்த முடியுமா?

மாணவர் செயல்பட்டுக் கற்கும் வகுப்புக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும் வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் வெளியிட்ட அலசலில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள், செயல்பட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2019-ல் ஹார்வர்டில் நடந்த ஆய்வொன்றில், செயல்பட்டுக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது போல இருந்தது. முயற்சி செய்யும்போது வரும் திணறலை மாணவர்கள் புரியாமைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். மாணவர் திருப்தியை மட்டும் கணக்கெடுத்து ஒரு கருவியை மதிப்பிடும் கல்லூரி இந்த இடத்தில் நிச்சயம் ஏமாறும்.

நினைவாற்றலைப் பற்றிய ஆய்வும் இதையே சொல்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்களும், ஒருமுறை மட்டும் படித்துவிட்டுப் பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 40 சதவீதம். எல்எம்எஸ்-ல் இருக்கும் வசதிகளில் எதையாவது ஒன்றைப் புதிதாகக் கையில் எடுக்க விரும்பும் ஆசிரியருக்கு நான் பரிந்துரைப்பது வாராந்திரச் சிறு வினாடி வினாதான். மதிப்பெண் குறைவாக, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற ஏற்பாட்டோடு, போன மாதப் பாடத்திலிருந்தும் இரண்டு கேள்வி கலந்து வைத்தால் போதும். திருத்தும் வேலையைத் தளம் பார்த்துக்கொள்ளும், நினைவிலிருந்து எடுக்கும் வேலை மாணவரிடமே இருக்கும். இரண்டு வகை வேலையும் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் அரிதான கருவி இது.

வகுப்பில் மடிக்கணினி வைத்திருக்கலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கையால் குறிப்பெடுப்பதே மேல் என்று 2014-ல் பிரபலமான ஒரு ஆய்வு, பின்னால் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே உறுதியோடு நிற்கவில்லை. ஆகவே தட்டச்சுக் குறிப்பைத் தடைசெய்ய அதை ஆதாரமாக்க வேண்டாம். ஆனால் 2013-ல் கனடாவில் நடந்த சோதனை ஒன்று கவனிக்க வேண்டியது: வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் குறைந்தது, அந்தத் திரைகள் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் மதிப்பெண்ணும் குறைந்தது. தன் கவனத்தைச் சிதறவிடுவது ஒருவரின் உரிமை என்று சொல்லலாம். பின்வரிசைக்காரரின் கவனத்தின் மேல் அவருக்கு உரிமை இல்லை. மடிக்கணினி பயன்படுத்துபவர்கள் ஒரு பக்கமாக அல்லது கடைசி வரிசைகளில் உட்காரலாம் என்ற எளிய ஏற்பாடு தடையைவிட நியாயமானது. மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவருக்கு மடிக்கணினி அவசியத் தேவையாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளியானது. அதுவரை வந்த கருவிகள் பெரும்பாலும் முதல் வகை வேலையைத்தான் தொட்டன. இது நேராக இரண்டாவது வகைக்குள் கைவைத்தது. கட்டுரை எழுதித் தரும், கணக்கைப் படிப்படியாகப் போட்டுத் தரும், நிரலையும் எழுதித் தரும்.

முதலில் கல்லூரிகள் ஓடியது கண்டுபிடிக்கும் மென்பொருள்களிடம். அந்த வழி அடைபட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொன்னன. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுபவர் மேல் சந்தேகம் விழுகிறது. நேர்மையாக உழைத்து இரண்டாம் மொழியில் எழுதிய மாணவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லும் ஒரு எண்ணை ஆதாரமாக வைத்து விசாரணை நடத்துவது அநீதி. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் இத்தகைய கண்டறியும் வசதியை அணைத்துவிட்டது. மற்ற கல்லூரிகளும் அதையே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

கற்றலுக்கு இந்தக் கருவி உதவுமா, கெடுக்குமா என்பதற்கு இப்போது கொஞ்சம் நல்ல ஆதாரம் இருக்கிறது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களோடு கணிதப் பாடத்தில் நடந்த சோதனையின் முடிவுகள் 2025-ல் வெளிவந்தன. ஒரு குழுவுக்குச் சாட்ஜிபிடி போன்ற சாதாரண உரையாடிச் செயலி. இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த செயலி. மூன்றாவது குழுவுக்குப் பாடப்புத்தகம் மட்டும். பயிற்சியின்போது சாதாரணச் செயலி வைத்திருந்தவர்கள் 48 சதவீதமும், துப்புச் செயலி வைத்திருந்தவர்கள் 127 சதவீதமும் மேலாகச் செய்தார்கள். பிறகு எல்லாரிடமிருந்தும் செயலியை வாங்கிவைத்துவிட்டுத் தேர்வு நடத்தினார்கள். சாதாரணச் செயலியை நம்பியிருந்தவர்கள், அது கிடைக்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். துப்புச் செயலியோடு படித்தவர்களுக்கு இந்தச் சரிவு பெருமளவு இல்லை.

இன்னொரு பக்கம், ஹார்வர்டில் ஒரு இயற்பியல் வகுப்பில் கவனமாக வடிவமைத்த செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியாளரோடு படித்தவர்கள், நன்றாக நடத்தப்பட்ட செயல்வழி வகுப்பில் படித்தவர்களைவிட அதிகம் கற்றார்கள், அதுவும் குறைந்த நேரத்தில். அந்தச் செயலி தயாரான விதத்தைக் கவனிக்க வேண்டும். சரியான தீர்வுகளை ஆசிரியர்களே அதற்கு முன்கூட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு படிக்குமேல் சொல்லாதே, முதலில் மாணவரை முயற்சி செய்யவிடு என்று கட்டளை இருந்தது. இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் தொழில்நுட்பம் ஒன்றேதான். விடையைத் தூக்கிக் கொடுத்த இடத்தில் கெடுத்தது, மாணவரைத் திணறவிட்டுத் துணைநின்ற இடத்தில் உதவியது.

ஆகவே அனுமதிக்கலாமா கூடாதா என்று பொதுவாக ஒரு விதி போடுவதில் பயனில்லை. ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் அது எதைப் பழக்கத் தரப்படுகிறது என்று ஆசிரியர் எழுதிவிட வேண்டும். வாதத்தைக் கட்டுவதுதான் பயிற்சி என்றால், மேற்கோள் வடிவத்தைச் சரிசெய்ய மாணவர் செயலியைக் கேட்கட்டும், வாதத்தைக் கேட்க வேண்டாம். நிரல் எழுதும் முதல் பருவத்தில் செயலி வேண்டாம், மூன்றாம் வருடப் பெரிய திட்டத்தில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம், எழுதிக் கொண்டுவந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் எதிரில் உட்கார்ந்து பேசச் சொன்னால், யார் யோசித்தார்கள் என்பது எந்த மென்பொருளையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் நூறு மாணவர்களுக்குப் பத்து நிமிடம் என்பது பதினாறு மணிநேரத்துக்கும் மேல்.

ஆசிரியரின் நேரம் எங்கே போகிறது

அந்தப் பதினாறு மணிநேரத்துக்கு இடம் எங்கே என்ற கேள்வியில்தான் வளாகத் தொழில்நுட்பத்தின் எல்லா விவாதமும் வந்து முட்டுகிறது. ஒரு கருவி வரும்போது அதன் விலை எல்லாருக்கும் தெரியும். அதைக் கற்றுக்கொள்ளும் நேரம், பாடத்தை அதற்கேற்ப மாற்றி எழுதும் நேரம், பாஸ்வேர்டு மறந்த மாணவருக்கு இரவு பதில் சொல்லும் நேரம் எந்தக் கணக்கிலும் வராது. 2020-ல் பெருந்தொற்று வந்து சில வாரங்களில் எல்லா வகுப்பும் ஜூமுக்கு மாறியபோது நடந்தது அவசரகாலத் தொலைதூரக் கற்பித்தல், திட்டமிட்ட இணையக் கல்வி வேறு என்று அப்போதே கல்வியாளர்கள் எச்சரித்தார்கள். இருந்தும் அந்த அனுபவத்தை வைத்துத்தான் இன்றும் பலர் இணையக் கல்வியை எடைபோடுகிறார்கள். நல்ல இணையப் பாடம் ஒன்றைத் தயாரிக்கப் பல மாதங்கள் ஆகும், பாடவடிவமைப்பாளர் ஒருவரின் துணையும் வேண்டும். ஒரு நாள் பயிலரங்கு நடத்திவிட்டு மறுநாள் பயன்படுத்தச் சொல்வது யாருக்கும் நன்மை செய்யாது. வினாடி வினாவைத் திருத்துவதையும் வருகைப் பதிவையும் கருவிகள் எடுத்துக்கொண்டால், மிச்சமான நேரம் அந்தப் பத்து நிமிட உரையாடலுக்குப் போக வேண்டும். நடைமுறையில் அந்த நேரத்தைப் புதிய படிவங்களும் அறிக்கைகளும் தின்றுவிடுகின்றன. புதிதாக ஒரு தளத்தைக் கொண்டுவரும் நிர்வாகம், அதனால் எந்தப் பழைய வேலை நிறுத்தப்படுகிறது என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுத வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய இன்னொன்று தேர்வுக் கண்காணிப்பு மென்பொருள். வீட்டில் தேர்வெழுதும் மாணவரின் முகத்தையும் கண்ணசைவையும் அது கேமரா வழியாகக் கவனிக்கும், சில நேரம் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும். அமெரிக்காவில் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், படுக்கையறையை அப்படிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு எதிரான சோதனை என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதினாலும் யோசிக்காமல் விடை வராத கேள்வியைத் தயாரித்தால் இந்தக் கண்காணிப்புக்கே தேவை குறையும். அப்படிப்பட்ட கேள்வியை எழுதவும் ஆசிரியருக்கு நேரம் வேண்டும்.

கருவியின் பலன் எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர்வதும் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருந்த பல விரிவுரைப் பதிவுகளுக்கு வசன வரிகள் இல்லை. காது கேளாதோர் சார்பில் போன புகாரின் பேரில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் அதைச் சுட்டிக்காட்டியது. சரிசெய்ய ஆகும் செலவு அதிகம் என்று சொல்லி, 2017-ல் 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பல்கலைக்கழகம் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. ஆரம்பத்திலேயே வசன வரிகளோடு ஏற்றியிருந்தால் யாருக்கும் எதுவும் போயிருக்காது. திரைவாசிப்பு மென்பொருள் படிக்க முடியாத ஸ்கேன் பக்கம், நிறத்தை மட்டும் வைத்து விடையைக் காட்டும் வினாடி வினா, கைபேசியில் திறக்காத பாடப்பக்கம் எல்லாம் இதே ரகம். மடிக்கணினி இல்லாமல் கைபேசியில் மட்டும் படிக்கும் மாணவர்களும், இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் இருக்கும் மாணவர்களும் எல்லா வளாகத்திலும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் புகார் செய்வதில்லை, அசைன்மென்ட்டைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை இழந்துவிடுகிறார்கள்.

வாங்கும் முடிவை எடுக்கும் குழுவில் இந்த மாணவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். விற்பனையாளர் பெரிய திரையில் காட்டும் அறிமுகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், பார்வையற்ற மாணவர் ஒருவரிடமும் கைபேசி மட்டுமே வைத்திருக்கும் மாணவர் ஒருவரிடமும் கொடுத்து, ஒரு அசைன்மென்ட்டை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வேறு தளத்துக்கு மாறும்போது பாடங்களும் மதிப்பெண்களும் பொதுவான கோப்பு வடிவத்தில் திரும்பக் கிடைக்குமா, மாணவர் தரவு யாரிடம் எவ்வளவு காலம் இருக்கும் என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு துறையில், ஒரு பருவம் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். பருவத்தின் கடைசியில் மாணவர்களுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்கும் படிவத்தோடு நிறுத்திவிடக் கூடாது. கருவியை எடுத்து வைத்துவிட்டு ஒரு தேர்வு நடத்தி, கருவி இல்லாமல் படித்த முந்தைய பருவத்து மாணவர்கள் அதே மாதிரிக் கேள்விகளுக்கு எப்படி எழுதினார்கள் என்பதோடு ஒப்பிட்டு, அதன் பிறகு மற்ற துறைகளுக்கு விரிக்கலாமா என்று முடிவெடுக்கலாம்.